அகவிலைப்படிக்கும் தீண்டாமை உண்டு

ஆண்டுக்கு இருமுறை தமிழ்நாட்டில் ஒரே செய்தி எண்ணிக்கை மட்டும் மாறி வரும். அகவிலைப்படி இத்தனை விழுக்காடு உயர்வு, இத்தனை லட்சம் பேர் பயன்பெறுவார்கள், அரசுக்கு இத்தனை கோடி கூடுதல் செலவு. 2025 ஜூலை 1 முதல் இந்தப் படி அடிப்படை ஊதியத்தில் 58 விழுக்காடு. அரசு ஊழியருக்கும் ஆசிரியருக்கும் ஓய்வூதியருக்கும் போலவே உள்ளாட்சி ஊழியருக்கும் இது பொருந்தும். தஞ்சாவூர் மாநகராட்சியில் கோப்பு நகர்த்தும் உதவியாளருக்கு உண்டு. வரி வசூலிப்பவருக்கு உண்டு. நிரந்தரப் பணியில் மிச்சமிருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் உண்டு. அதே ஊரின் 51 வார்டுகளில் விடியுமுன் பேட்டரி வண்டியோடு இறங்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு மட்டும் கிடையாது. அரிசிக்கடைக்காரர் இருவரிடமும் ஒரே விலைதான் வாங்குகிறார்.

அகவிலைப்படி யாரும் தரும் பரிசு அல்ல. விலைவாசி ஏறினால் சம்பளத்தின் மதிப்பு இறங்கும், அந்த இறக்கத்தை ஈடுகட்டுவதற்குத்தான் இந்தப் படி. நுகர்வோர் விலைக் குறியீட்டெண் என்று ஒன்றைக் கணக்கிட்டு, அது ஏறியதற்கு ஏற்ப ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயர்த்துகிறார்கள். ஊழியர் யாரிடமும் போய்க் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. விதி தானாக வேலை செய்யும். அதனால் எனக்கு அந்த உதவியாளர் மீது துளியும் பொறாமை இல்லை. அவருக்குக் கிடைப்பது நியாயம். அந்த நியாயம் துடைப்பத்தை எட்டியதும் ஏன் நின்றுவிடுகிறது என்பதே என் கேள்வி.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். தமிழ்நாட்டில் ஏழாவது ஊதியக் குழு 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் கடைநிலை ஊதிய விகிதம் 15,700 ரூபாயில் தொடங்குகிறது. அதில் 58 விழுக்காடு 9,106. ஆக மொத்தம் 24,806 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. ஆண்டுக்கு 3 விழுக்காடு ஊதிய உயர்வும் தனி. புதிதாகச் சேரும் நிரந்தரத் தூய்மைப் பணியாளர் ஒருவருக்குச் சட்டப்படி வர வேண்டிய தொகை இது.

இப்போது இன்னொரு பக்கம். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 நாளுக்கு 13,000. தொழிலாளி பங்காக வைப்புநிதிக்கு 12 விழுக்காடு, இ.எஸ்.ஐ.க்கு 0.75 விழுக்காடு பிடித்தால் கையில் 11,342 ரூபாய் வர வேண்டும். நான் பேசிய தொழிலாளர்களில் பலர் சொன்னது வேறு. முதலாளி பங்கான 13 விழுக்காடும் 3.25 விழுக்காடும் கூடத் தங்கள் கூலியிலிருந்தே போகிறது என்கிறார்கள். அப்படியானால் மேலும் 2,112 ரூபாய் குறையும். கையில் நிற்பது 9,230. சம்பளச் சீட்டு கேட்டால் "உனக்குப் படிக்கத் தெரியுமா" என்று மேஸ்திரி சிரித்தாராம். அந்தம்மாவின் மகள் பி.காம். முடித்தவர் என்பது மேஸ்திரிக்குத் தெரியாது.

காவிரிப் படுகையின் ஒரு நகரில் இதே அம்மா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எங்க மாமியா பெர்மனன்ட்டு தம்பி, நான் காண்ட்ராக்ட்டு. அதே தெருதான், அதே சாக்கடதான். அவங்களுக்கு உக்காந்த எடத்துல வர்ற பென்ஷன், நான் குனிஞ்சு கூட்டி வாங்குறதவிட சாஸ்தி. மாசக் கடைசில அவங்ககிட்டதான் நான் கைமாத்து வாங்குறேன்."

இதில் மிகை எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 7,850 ரூபாய். 58 விழுக்காடு அகவிலைப்படி சேர்த்தால் 12,403. ஒரே குடும்பம், ஒரே தெரு, ஒரே வேலை. ஓய்வில் இருக்கும் மாமியாருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயர்கிறது. உழைத்துக்கொண்டிருக்கும் மருமகளுக்கு அடுத்த டெண்டர் வரை அசையாது. அசைந்தாலும் கீழ்நோக்கி அசையலாம்.

இந்த இரண்டு தலைமுறைக்கு நடுவில் என்ன நடந்தது? 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் நின்றது. நிரந்தரப் பணியிடத்தில் இருந்தவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டார்கள். சுய உதவிக் குழு, தினக்கூலி, வெளிமுகமை என்று அடுத்தடுத்து பெயர்கள் வந்தன. 2022 அக்டோபரில் நகராட்சி நிர்வாகத் துறை அரசாணை 152ஐ வெளியிட்டது. சென்னை நீங்கலாக 20 மாநகராட்சிகளின் பணியிடங்களை அது மாற்றியமைத்தது. அடிமட்டப் பணிகளை வெளிமுகமைக்குத் தள்ளியது. தஞ்சாவூரும் கும்பகோணமும் அந்த இருபதில் அடக்கம். தஞ்சாவூர் 2014இல் மாநகராட்சியானது, கும்பகோணம் 2021இல். ஊர் தரம் உயர்ந்தது. ஊரைக் கூட்டுகிறவரின் தரம் ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவேட்டில் ஒரு கைநாட்டாகச் சுருங்கியது.

நான் ஆய்வு செய்வது கீழத்தஞ்சையின் கூலி வரலாற்றை. நகராட்சி ஊழியர் சம்பளத்தைப் பற்றி எழுதுகிறவன் பண்ணையாளைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று தோழர்கள் நினைக்கலாம். பேசியாக வேண்டும், ஏனென்றால் இந்தத் தந்திரம் இந்த மண்ணில் ஏற்கெனவே ஒருமுறை அரங்கேறியிருக்கிறது.

1952இல் ராஜாஜி அரசு தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். அதற்கு முந்தைய பத்தாண்டுகள் கீழத்தஞ்சையில் செங்கொடிச் சங்கம் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக எழுந்து நின்ற காலம். 1944இல் மன்னார்குடி ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த அழுத்தத்தில்தான் சட்டம் வந்தது. பண்ணையாளின் கூலிக்கு ஓர் அளவு, காரணமின்றி அவரை வெளியேற்றத் தடை. காகிதத்தில் நல்ல சட்டம். மிராசுதார்கள் அதற்குக் கண்டுபிடித்த பதில் மிக எளிது: பண்ணையாளே வேண்டாம். பண்ணையாள் இருந்தால்தானே பாதுகாப்பு? நாள்கூலிக்கு ஆள் பிடித்தால் போதும்.

நன்னிலம் பக்கம் என் தாத்தா பண்ணையாளாக இருந்தவர். அந்தச் சட்டம் வந்த காலத்தில் அவருடைய மிராசுதார், "இனிமே ஒன்ன வேணும்னா கூப்புட்டு அனுப்புறேன்டா" என்று சொன்னதாக எங்கள் வீட்டில் சொல்வார்கள். தாத்தா அதே வயலில்தான் நட்டார், அறுத்தார், போரடித்தார். பண்ணையாள் என்ற பெயர் மட்டும் போய்விட்டது. அந்தப் பெயரோடு சட்டம் கொடுத்த பாதுகாப்பும் போய்விட்டது. (பண்ணையடிமை முறையை நான் பொற்காலமாக்கவில்லை. அது அடிமைத்தனம். அடிமைத்தனம் சட்டப்படி கடமையாக மாறப்போகிற அந்த நொடியில் ஆண்டைகள் உறவையே முறித்துக்கொண்டார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.)

இப்போது மேலே உள்ள பத்தியில் மிராசுதார் என்ற இடத்தில் உள்ளாட்சி நிர்வாகத்தையும், 1952 சட்டம் என்ற இடத்தில் ஊதியக் குழுவையும் வைத்துப் பாருங்கள். தூய்மைப் பணியாளர் ஊதியக் குழுவின் அட்டவணைக்குள் வந்து, அகவிலைப்படியும் ஆண்டு உயர்வும் ஓய்வூதியமும் அவருக்கும் உரிமையாகிவிட்ட பிறகு அந்தப் பணியிடமே வேண்டாம் என்றாகிவிட்டது. வேலை வேண்டும், குப்பை அள்ளியாக வேண்டும், தேர் ஓடும் வீதி சுத்தமாக இருக்க வேண்டும். ஆளோடு மட்டும் எந்த உறவும் கூடாது.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும் அவர்கள் செய்த குற்றம். எரித்தவர்களை நீதிமன்றம் விடுவித்தது. எரிந்தவர்களின் சாம்பலிலிருந்து ஒரு சட்டம் வந்தது. கணபதியா பிள்ளை ஆணையத்தின் பரிந்துரையைத் தொட்டு, 1969இல், தமிழ்நாடு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். "நியாயக் கூலி" என்ற சொல்லைத் தமிழ்நாட்டுச் சட்டத்துக்குள் கொண்டுவரக் கீழத்தஞ்சை கொடுத்த விலை அது. அந்தச் சொல்லை இன்று டெண்டர் ஆவணத்தில் யாரோ ஓர் அதிகாரி போகிற போக்கில் எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது.

டெண்டரில் என்னதான் நடக்கிறது? உள்ளாட்சித் தூய்மைப் பணிக்குத் தொழிலாளர் துறை 2017இல் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்தது. தொழிற்சங்கங்கள் கோரிக்கை அட்டையில் எழுதிப் பிடிக்கும் 62(2டி) அரசாணை அதுதான். இன்னொரு பக்கம், மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் தினக்கூலி விகிதம் ஒன்றை அறிவிக்கிறார். ஆக ஒரே வேலைக்கு ஒரே ஊரில் மூன்று விலை: ஊதியக் குழு விலை, தொழிலாளர் துறை விலை, ஆட்சியர் விலை. நான்காவதாக, ஒப்பந்தக்காரர் உண்மையில் கையில் கொடுக்கும் விலை. சட்டப்படி எது கூடுதலோ அதைக் கொடுக்க வேண்டும் என்று சங்கம் கேட்கும். எது குறைவோ அதை வைத்து மதிப்பீடு தயாராகும். வழக்குப் போட்டுத் தீர்ப்பு வருவதற்குள் ஒப்பந்தக்காரர் மாறிவிடுவார். புது ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் இருபது வருடம் கூட்டிய பெண் நேற்றுச் சேர்ந்தவராக இருப்பார். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981இலேயே ஒரு சட்டம் உண்டு. அந்த 480 நாளை யாருடைய கணக்கில் எண்ணுவது என்று குழப்புவதற்குத்தான் ஒப்பந்தக்காரர் என்ற ஓர் ஆளே தேவைப்படுகிறார்.

ஒப்பந்தத்தால் செலவு மிச்சமாகிறது என்பார்கள். நல்லது. ஒப்பந்தக்காரர் தர்மத்துக்குத் தொழில் செய்யவில்லை, லாபம் வேண்டும். அவருடைய மேற்பார்வையாளருக்குச் சம்பளம், அவருடைய வங்கிக் கடனுக்கு வட்டி, இன்னும் பெயர் சொல்ல முடியாத சில செலவுகள், எல்லாம் போக மாநகராட்சிக்கும் மிச்சம் என்றால், அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது? டீசல் எல்லாருக்கும் ஒரே விலை. குப்பையின் எடை குறையவில்லை. குறையக்கூடியது ஒன்றே ஒன்று, கூட்டுகிறவரின் கூலி.

ஏன் இந்தக் கூலி மட்டும் இவ்வளவு எளிதாகக் குறைகிறது? இங்கேதான் "இது வெறும் தொழிலாளர் பிரச்சினை, சாதியை இழுக்காதீர்கள்" என்று சொல்கிற நண்பர்களோடு நான் முரண்படுகிறேன். படுகை நகரங்களில் இந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் அருந்ததியர், பறையர், சில ஊர்களில் காட்டுநாயக்கர். யாரும் அரசாணை போட்டு இவர்களைத்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருந்ததில்லை.

2019 நவம்பரில் கோயம்புத்தூர் மாநகராட்சி 549 நிரந்தரத் தூய்மைப் பணியிடங்களுக்கு ஆள் எடுத்தது. சுமார் 7,000 பேர் விண்ணப்பித்தார்கள். பொறியியல் படித்தவர்களும் பட்டதாரிகளும் வரிசையில் நின்றார்கள். ஊடகங்கள் இதை வேலையின்மையின் அவலமாக மட்டுமே எழுதின. எனக்கு அதில் வேறொன்றும் தெரிந்தது. நிரந்தரம், ஊதிய விகிதம், ஓய்வூதியம் என்று வந்தால் துடைப்பத்தின் மேல் ஒட்டியிருக்கும் தீட்டு கூடக் கொஞ்சம் இளகுகிறது. மற்ற சாதிக்காரர்களும் விண்ணப்பம் எழுதுகிறார்கள். (சேர்ந்த பிறகு அவர்கள் கையில் துடைப்பம் எத்தனை நாள் இருக்கிறது என்பது தனிக் கட்டுரை.) அதே வேலையை ஒப்பந்தமாக்கி, கூலியைப் பாதியாக்கினால், வேறு வழியே இல்லாதவர் மட்டும்தான் வருவார். அவர் யார் என்பதை இந்த ஊர்ச் சாதி அமைப்பு முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறது. ஊதியத்தைக் குறைப்பது, இந்த வேலையை மறுபடி ஒரு சேரிக்குள் பூட்டுவது. அருந்ததியருக்கு 2009இல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொடுத்தோம் என்று மேடை போட்டுப் பேசுகிறார்கள். சரி, அரசுப் பணியே ஒப்பந்தக்காரரின் கைக்குப் போன பிறகு எதில் 3 விழுக்காடு?

பெருமைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லாத ஊர் தஞ்சாவூர். பெரிய கோயில் சுவரில் இராசராசன் காலத்துச் சம்பளப் பட்டியலே கல்லில் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்குத் தலைக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். கணக்கர், நட்டுவர், தையற்காரர், நாவிதர் என்று யார் யாருக்கு எத்தனை பங்கு என்று வரி வரியாக வெட்டியிருக்கிறார்கள். சதய விழாவில் இதைச் சொல்லிப் புல்லரிக்காத பேச்சாளர் இல்லை. அதே கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் கணக்கில், வரி விதிப்பிலிருந்து கழிக்க வேண்டிய நிலமாக வருகின்றன. சம்பளப் பட்டியலில் ஆள், கழிவுப் பட்டியலில் சேரி. ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு மாநகராட்சி நிதிநிலை அறிக்கையைப் பிரித்தால், நிரந்தர ஊழியர் "ஊதியம்" என்ற தலைப்பில் இருக்கிறார். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் செலவினத் தலைப்புகளுக்குள் எங்கோ, பினாயிலுக்கும் வண்டி வாடகைக்கும் பக்கத்தில் இருக்கிறார்.

2025 ஆகஸ்டில் சென்னையில் நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் பணியைத் தனியாரிடம் கொடுத்தார்கள். அதுவரை மாநகராட்சியின் கீழ் மாதம் சுமார் 23 ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு, இனி சுமார் 16 ஆயிரம் என்றார்கள். ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தவர்களை 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் அமைச்சரவை கூடி நலத்திட்டங்களை அறிவித்தது. அதில் தலைப்புச் செய்தி ஆனது காலை உணவு. வாங்கிய ஊதியம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பிறகு உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

காலை உணவைக் கேலி செய்வது என் நோக்கமில்லை. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பும் பெண்ணுக்குச் சூடாக இட்லி கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அவர்கள் கேட்டது சம்பளம். ஏழாயிரம் ரூபாய் குறைகிறது என்று சொன்னவரிடம் சாப்பிட்டாயா என்று கேட்பது எந்த ஊர்ப் பழக்கம்? எங்கள் ஊர்ப் பழக்கம். பண்ணையார் பொங்கலுக்கு வேட்டி சேலை கொடுப்பார், அறுப்பு முடிந்தால் களத்தில் கொஞ்சம் நெல் அள்ளிப் போடுவார், வீட்டுக் கொல்லைப்புறத்தில் கூழ் ஊற்றுவார். படி அளவை ஏற்றிக் கொடு என்று கேட்டால் மட்டும் முகம் மாறும். கொடையில் கொடுப்பவரின் கை மேலே இருக்கும், கூலியில் இரண்டு கையும் சமமாகிவிடும். 2019 பிப்ரவரியில் பிரதமர் கும்பமேளாவில் தூய்மைப் பணியாளர்களின் காலைக் கழுவினார். கொரோனாவையொட்டித் தமிழ்நாடு "துப்புரவுப் பணியாளர்" என்ற பெயரைத் "தூய்மைப் பணியாளர்" என்று மாற்றியது. பூ தூவினார்கள், சால்வை போர்த்தினார்கள், முன்களப் பணியாளர் என்றார்கள். தில்லியும் கோட்டையும் கொள்கையில் எதிரெதிர். துடைப்பக்காரருக்கு மரியாதை கொடுத்துச் சம்பளத்தை நிறுத்திக்கொள்வதில் மட்டும் ஒரே கட்சி.

ஒரு சொந்தக் கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 31 ஆயிரத்திலிருந்து 37 ஆயிரமாக உயர்ந்தது. வீட்டு வாடகைப்படி தனி. தாமதமாக வந்தது, அதற்குக் கத்தினோம், அது வேறு. ஆனால் தொகையை உயர்த்த முடியாது, விடுதியில் வாரம் ஒருநாள் பிரியாணி போடுகிறோம் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவமானப்பட்டிருப்போம்.

"கொல்லைப்புற வழியாக வந்தவர்களை நிரந்தரமாக்க முடியாது, 2006இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று ஒரு வாதம் எப்போதும் தயாராக இருக்கும். அதே உச்ச நீதிமன்றம் 2016 அக்டோபரில் பஞ்சாப் அரசுக்கும் ஜக்ஜித் சிங்குக்கும் இடையிலான வழக்கில், நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு அந்த ஊதிய விகிதத்தின் தொடக்க நிலையையாவது கொடுக்க வேண்டும் என்று சொன்னது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், பல ஆண்டுகள் துப்புரவும் தோட்ட வேலையும் செய்தவர்களை நிரந்தரப்படுத்த உத்தரவிட்டது. உமாதேவி தீர்ப்பை உழைப்பவருக்கு எதிரான கேடயமாகப் பிடிக்காதீர்கள் என்று அரசு அலுவலகங்களைக் கண்டித்தது. அடுத்த மாதமே காசியாபாத் மாநகராட்சித் தோட்டத் தொழிலாளர்கள் வழக்கில் அதே திசையில் இன்னொரு தீர்ப்பு. வெளிமுகமை ஆட்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் எங்கள் ஆட்களே இல்லை என்று வழக்கறிஞர்கள் வாதாடுவார்கள். 1952இல் மிராசுதாரும் அதைத்தான் சொன்னார். நேரடி ஊழியர் செய்யும் அதே வேலையை ஒப்பந்தத் தொழிலாளி செய்தால் அதே ஊதியம், அதே விடுமுறை என்று 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் விதிகளிலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டமும் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் தொகுப்புச் சட்டங்களுக்குள் கரைக்கப்பட்டுவிட்டன. குறைந்தபட்சக் கூலி மசோதாவை 1946 ஏப்ரலில் மத்திய சட்டமன்றத்தில் அறிமுகப்படுத்தியவர் அன்றைய தொழிலாளர் துறை உறுப்பினர் அம்பேத்கர் என்பதை, ஏப்ரல் 14க்கு மாலையோடு வரும் அமைச்சர்கள் ஒருமுறை படித்துவிட்டு வரலாம்.

நம் பக்கமும் ஒன்று கேட்க வேண்டும். நிரந்தர ஊழியர் சங்கங்கள் பழைய ஓய்வூதியத்துக்காகத் தெருவுக்கு வருகின்றன, நியாயமான கோரிக்கை. எட்டாவது ஊதியக் குழு பற்றி இப்போதே கணக்குகள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. அந்தக் கோரிக்கைப் பட்டியலில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் எத்தனையாவது வரியில் வருகிறார்? பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய வரியில், "மேலும்" என்ற சொல்லுக்குப் பின்னால். அலுவலகத்தில் ஒரே வளாகத்தில் வேலை செய்தும், அவருக்குத் தனி டம்ளரை வைத்திருக்கிறவர்களிடம் வர்க்க ஒற்றுமையை எப்படி எதிர்பார்ப்பது என்று ஓர் அருந்ததியத் தோழர் என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சங்கத் தலைவர்களிடம் இருக்கிறதா?

2028இல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. பல லட்சம் பேர் ஒரு குளத்துக்கு வருவார்கள். 2016இல் செய்ததுபோல வெளியூர்களிலிருந்தும் தூய்மைப் பணியாளர்களை லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். அதற்கான திட்ட மதிப்பீடுகளில் சாலைக்கு ஒரு தொகை, மின்விளக்குக்கு ஒரு தொகை, தடுப்புக் கட்டைக்கு ஒரு தொகை இருக்கும். அவர்களுடைய நாள்கூலி எந்த விகிதத்தில் போடப்படுகிறது, இரவு எங்கே படுப்பார்கள், கழிப்பறை எங்கே என்பதை இப்போதே கேட்டு வாங்க வேண்டியது கும்பகோணத்தின் 48 வார்டு உறுப்பினர்களின் வேலை. அவர்களில் தனித்தொகுதியிலிருந்து வந்தவர்களுக்கு இது இன்னும் கூடுதல் வேலை.

பெரிய புரட்சி ஒன்றும் இப்போதைக்குக் கேட்கவில்லை. அரசாணை 152ஐ ரத்து செய்து பணியிடங்களை மீட்க வேண்டும், அதற்கான போராட்டம் தொடரட்டும். அதுவரை செய்யக்கூடியது ஒன்று கைவசமே இருக்கிறது. தமிழ்நாட்டில் சத்துணவுப் பணியாளரும் அங்கன்வாடிப் பணியாளரும் முறையான ஊதிய விகிதத்தில் இல்லை. சிறப்புக் காலமுறை ஊதியம் என்று அவர்களுக்கு ஒன்றை உருவாக்கினார்கள். பல ஆண்டுகள் தெருவில் நின்று பெற்றது அது. குறைவான ஊதியம்தான், இருந்தாலும் அகவிலைப்படி உயரும்போது அவர்களுக்கும் உயர்கிறது. ஆக, நிரந்தரமில்லாதவருக்கு அகவிலைப்படி கொடுக்க விதியில் இடமில்லை என்று கோட்டையில் யாரும் சொல்ல முடியாது. நிதித் துறை ஒவ்வொரு முறையும் வெளியிடும் அகவிலைப்படி அரசாணையில், இது யார் யாருக்குப் பொருந்தும் என்று ஒரு பத்தி இருக்கும். உள்ளாட்சி அமைப்புகளில் எந்தப் பெயரில், யார் மூலம் பணியமர்த்தப்பட்டிருந்தாலும் தூய்மைப் பணி செய்யும் அனைவருக்கும், கடைநிலை ஊதியமான 15,700 ரூபாயைத் தொடக்கமாக வைத்து, அதே தேதியிலிருந்து, அதே விழுக்காட்டில் என்று அந்தப் பத்தியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். பணத்தை உள்ளாட்சியே நேரடியாக அவர்கள் வங்கிக் கணக்கில் போட வேண்டும். ஜனவரித் தவணைக்கான அரசாணை எப்படியும் தட்டச்சாகத்தான் போகிறது.